தைத்த தசைநாண்: ஓய்வும் பயிற்சியும்

தையல் போட்ட இடத்தை அசைக்கவே கூடாது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். நான் பாடம் எடுக்கும் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவருக்குக் கண்ணாடி கிழித்து விரலின் தசைநாண் அறுந்தது. அறுவை சிகிச்சை முடிந்து பள்ளிக்கு வந்தவர், "சார், மணிக்கு ஒரு தடவை இன்னொரு கையால விரலை மடக்கி விடச் சொல்லியிருக்காங்க. தையல் பிரிஞ்சுடாதா?" என்று கேட்டார். அறிவியல் ஆசிரியரான எனக்கு அது நல்ல பாடப்பொருளாகவே தோன்றியது.

தசையை எலும்போடு இணைக்கும் உறுதியான கயிறுதான் தசைநாண். விரலை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் தசைநாண்கள் விரலுக்குள் குறுகிய உறை வழியே ஓடுகின்றன. மிதிவண்டியின் பிரேக் கம்பியை மாணவர்களுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். கம்பி அறுந்தாலும் பிரேக் பிடிக்காது. உறைக்குள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டாலும் பிடிக்காது.

தைத்த தசைநாணுக்கும் இந்த இரண்டு ஆபத்துகள் உண்டு. அசைக்காமலே வைத்திருந்தால் ஆறும் திசு உறையோடு ஒட்டி விரல் மடங்காமல் போகும். வேகமாக இழுத்தால் தையல் அறுந்துவிடும். இதனால், விரலின் இந்தப் பகுதியில் உடனே தைப்பதையே அறுவை மருத்துவர்கள் நீண்ட காலம் தவிர்த்தனர். அமெரிக்காவின் லூயிவில் நகரில் கிளைனெர்ட் குழுவினர் உடனே தைத்து, நகத்தில் ரப்பர் பட்டை பொருத்தினர். நோயாளி விரலை நீட்டுவார். ரப்பர் அதை மடக்கிவிடும். தைத்த தசைநாண் தானே இழுக்க வேண்டியதில்லை. 1967இல் வெளியான அவர்களின் முடிவுகள் மருத்துவர்களின் எண்ணத்தை மாற்றின.

காலக்கணக்கு ஏறத்தாழ இதுதான். முதல் சில நாள்கள் வீக்கம் இருக்கும். 3 முதல் 5 நாள்களுக்குள் மென்மையான அசைவைத் தொடங்குவது வழக்கம். முதல் மூன்று வாரங்களில் தசைநாணைத் தாங்குவது பெரும்பாலும் நூல்தான். அதன் பிறகு புதிய கொலாஜன் இழைகள் வலுச்சேர்க்கின்றன. அளவான இழுவிசை கிடைத்தால் அவை இழுக்கும் திசையிலேயே வரிசையாக அமைகின்றன. சுமார் 6 வாரம் வரை ஸ்பிளின்ட் இருக்கும். 8 வாரத்துக்குப் பின் மெல்ல வலுவூட்டும் பயிற்சி தொடங்கும். கனமான வேலைக்குச் சுமார் 12 வாரம் ஆகும். தையலின் தன்மையைப் பொறுத்து மருத்துவர் இதை மாற்றுவார்.

வகுப்பறையில் நாம் செய்ய வேண்டியவை:

• பாட நேரத்திலும் பயிற்சிக்கு இரண்டு நிமிடம் கொடுங்கள். சக மாணவர்கள் கேலி செய்யாதபடி காரணத்தை விளக்குங்கள்.

• எழுதுவதற்காக ஸ்பிளின்டைக் கழற்றச் சொல்லாதீர்கள். தேர்வு நெருங்கினால் மாற்று ஏற்பாடு பற்றித் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

• அந்தக் கையால் புத்தகப் பையைத் தூக்க விடாதீர்கள்.

• வலி இல்லை என்பதை முழுமையாக ஆறியதன் அடையாளமாகக் கொள்ளாதீர்கள். மருத்துவர் அனுமதிக்கும் வரை கபடி, கைப்பந்து வேண்டாம்.

• விரல் திடீரென மடங்காமல் போனாலோ, ஏதோ அறுந்ததுபோல் மாணவர் உணர்ந்தாலோ, பெற்றோருக்குத் தெரிவித்து அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

இயன்முறை மருத்துவர் எழுதிக்கொடுத்த பயிற்சி அட்டையின் நகலைப் பெற்றோரிடம் கேட்டு வாங்கி, வகுப்பாசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் வைத்திருப்பது நல்லது.