கிராங்க் புல்லி... சுத்தியல் படக் கூடாத இடம்!

சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் பழைய ஜீப்போ, காரோ நிறுத்திய இடத்தில் கறுப்பாக ஆயில் சொட்டினால், ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ என்று விட்டுவிடுவதுதான் பலரின் வழக்கம். ஆனால், அந்தச் சொட்டு இன்ஜினின் முன்பக்கம், கிராங்க் புல்லிக்குப் பின்னாலிருந்து வந்தால் அலட்சியம் கூடாது. ஆயில் தெறித்து ஃபேன் பெல்ட் வழுக்கும். பேட்டரி சார்ஜ் ஏறாது. பல வண்டிகளில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது என்பதால் இன்ஜின் சூடாகும். ஆயில் குறைந்தது தெரியாமல் ஓட்டினால் பேரிங்கே போய்விடும். சின்ன ரப்பர் சீலோடு முடிய வேண்டிய செலவு, முழு இன்ஜின் வேலையில் போய் நிற்கும்.

முதலில் பார்க்க வேண்டியது சீலை அல்ல, பிரீதர் குழாயை. அது அடைத்திருந்தால் உள்ளே காற்றழுத்தம் கூடி, நல்ல சீலையும் தாண்டி ஆயிலை வெளியே தள்ளும். மேலே டேப்பட் கவரிலிருந்து வழிவதும் புல்லியடியில்தான் வந்து சேரும். முன்பக்கத்தை நன்றாகத் துடைத்து, 10 நிமிடம் ஓடவிட்டு, இன்ஜினை நிறுத்திய பிறகு பார்த்தால் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும்.

சீல்தான் என்று உறுதியானால், அதை மறைத்து நிற்கும் புல்லியின் ஹப்பைக் கழற்றியாக வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பெல்ட்டைக் கழற்றலாம். நடு போல்ட் மிகவும் இறுக்கமாக இருக்கும். டாப் கியரில் போட்டு, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, நீளமான கைப்பிடியால் திருப்ப வேண்டும். ஸ்பேனரைச் சேஸிஸில் முட்டக் கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டும் ‘குறுக்குவழி’ ஒன்று ஒர்க்‌ஷாப்களில் உண்டு. ஸ்பேனர் நழுவினால் கை எலும்பு முறியும்; அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இன்னொன்று... சில புதிய கார்களில் கிராங்க் கியருக்குச் சாவி கிடையாது. அந்த போல்ட்டின் இறுக்கம்தான் டைமிங்கையே பிடித்து வைத்திருக்கிறது. லாக் செய்யும் கருவி இல்லாமல் தளர்த்தினால் வால்வு வளையும் ஆபத்து உண்டு. இவற்றை விவரம் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் விடுவதே நல்லது.

போல்ட் வந்த பிறகும் ஹப் லேசில் அசையாது. இங்கேதான் பலர் சுத்தியலை எடுக்கிறார்கள். அடியின் அதிர்ச்சி கிராங்க் வழியாகத் த்ரஸ்ட் வாஷருக்குப் போகும். வார்ப்பிரும்புப் புல்லி விளிம்பு உடையும். பல புல்லிகளின் நடுவே ரப்பர் வளையம் இருக்கிறது. வெளி விளிம்பில் கொக்கி புல்லரை மாட்டி இழுத்தால் அந்த ரப்பர் கிழிந்துவிடும். கேஸ் வெல்டிங்கால் சூடேற்றுவதும் ரப்பருக்கு எமன்தான்.

ஹப்பின் முகத்தில் 2 அல்லது 3 மரைத்துளைகள் இருக்கும். புல்லரின் போல்ட்டுகளை அவற்றில் ஒரே ஆழத்துக்கு ஏற்றி, நடுத் திருகை மெதுவாக இறுக்கினால் ஹப் நேராக வெளியே வரும். திருகின் முனை கிராங்க்கின் உள்மரையைச் சிதைக்காதபடி இடையில் ஓர் இரும்பு வில்லை கொடுக்க வேண்டும். சாவி கீழே விழுந்து தொலையாமல் எடுத்து வைப்பதும் முக்கியம்.

ஹப்பில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பார்க்கலாம். பள்ளம் தட்டுப்பட்டால், புது சீலும் சீக்கிரமே கசியும். அதன் மேல் மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும், அல்லது ஹப்பை மாற்ற வேண்டும். மாட்டும்போது சீலின் உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, சாவியை நேர்படுத்தி, கம்பெனி கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

வேலை முடிந்த ஒரு வாரத்துக்கு, இரவில் இன்ஜினுக்குக் கீழே ஓர் அட்டையை விரித்து வைத்தால், காலையில் கசிவு நின்றதா என்பது தெரிந்துவிடும்.