ரைம் என்பது எதுகை அல்ல

'ரைம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் பாடக்குறிப்புகள் கூசாமல் 'எதுகை' என்று எழுதிவிடுகின்றன. தமிழ் எம்.ஏ. வகுப்பிலும் இதே கதைதான். இவை ஒன்றல்ல, இரண்டு வேறுவேறு காதுகள்.

ஆங்கில ரைம், அழுத்தம் விழும் கடைசி உயிரொலியில் தொடங்கிச் சொல் முடியும்வரை ஒலி ஒத்துப்போவது. அந்த உயிருக்கு முன்னுள்ள மெய் மட்டும் மாறியிருக்க வேண்டும்: லைட், நைட், கைட். எழுத்து இங்கே செல்லாக்காசு. 'கைட்' வேறு எழுத்துக்கூட்டலில் முடிந்தாலும் சேர்ந்துகொள்ளும். 'டஃப்', 'த்ரூ' இரண்டும் அதே நான்கு எழுத்துகளில் முடிந்தாலும் ஒட்டாது.

எதுகை சொல்லின் தலைப்பக்கம் நிற்பது. முதலெழுத்து அளவொத்து, இரண்டாமெழுத்து ஒன்ற வேண்டும். 'அன்பு – இன்பம்' நமக்கு எதுகை. ஆங்கிலக் காதுக்கு ஒன்றுமேயில்லை. 'வந்தான் – சிரித்தான்' இதற்கு நேரெதிர். ரைமுக்குக் கிட்டத்தில் வருவது, தொல்காப்பியம் தொடைகளில் ஒன்றாகச் சொல்லும் இயைபு.

இயைபு ஏன் பின்தள்ளப்பட்டது? காரணம் மொழியின் உடம்பிலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது. தமிழ், விகுதிகளைப் பின்னால் ஒட்டிக்கொண்டே போகும் மொழி. வந்தான், போனான், படுத்தான் என்று இலக்கணமே ஓசையை இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. புலவன் உழைத்துத் தேட வேண்டியது வேர்ச்சொல் இருக்கும் முன்பக்கத்தில்தான். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகம் மாதிரியான மேடைகளில் விருத்தம் சொல்லக் கேட்டவர்களுக்குத் தெரியும், அடிதோறும் எதுகை வந்து விழும்போதுதான் தலைகள் ஆடும்.

ஆங்கிலம் மட்டும் பிறவியிலேயே ரைம் பாடியதா என்ன? பழைய ஆங்கில 'பேவுல்ஃப்' மோனையில் நடப்பது. 1066க்குப் பின் பிரெஞ்சுச் செல்வாக்கில்தான் ரைம் அங்கே வேரூன்றியது. 1667இல் மில்டன் ரைம் இல்லாமலே 'இழந்த சொர்க்கம்' எழுதினார். பிறகு சேர்த்த குறிப்பில், அது அநாகரிக காலத்துச் சரக்கு என்று வைதும் தீர்த்தார். ரைமை நவீனம் என்றும் எதுகையைப் பழசு என்றும் பேசுகிற நம் புதுக்கவிதைக்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

இலவசமாகக் கிடைக்கும் ஓசை புலவனுக்கு மலிவு, சரி. ஒப்பாரி வைக்கிற கிழவிக்கு? அவள் ஏட்டைப் பார்த்துப் பாடவில்லை. அழுதுகொண்டே அடுத்த அடியைக் கட்டுகிறாள். விகுதியும் விளியும் தரும் அடிமுடிவுதான் அவளுக்குப் பிடிகயிறு. சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் சேர்ந்துகொள்வதும் அங்கேதான். ஊர்வலத்தில் கோஷத்தின் கடைசி அசையில் கூட்டம் வந்து சேருகிறதே, அதே இடம்.