கொனிக்ஸ்பேர்க் மகாநாட்டில் ஓர் இளைஞர்

என்னிடம் உயர்தர வகுப்பிலே கணிதம் பயின்ற மாணவர் ஒருவர், இப்பொழுது நமது கிணற்று நீரின் ஏற்ற இறக்கத்தைக் கணித முறையால் ஆராய்ந்து கலாநிதிப் பட்டத்துக்குப் படித்து வருகிறார். பல துறை அறிஞரும் கூடிய மகாநாடு ஒன்றிலே கட்டுரை படித்துவிட்டுச் சென்ற மாதம் என்னைக் காண வந்தார். முகம் வாடியிருந்தது.

"இருபது நிமிஷம் பேசினேன், சேர். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. கணிதம் தெரிந்தவர்கள் அடுத்த மண்டபத்திலே இருந்தார்கள். என் முன்னால் இருந்தவர்களுக்கோ என் கணக்கு விளங்கவில்லை" என்றார்.

அப்பொழுது அவருக்கு நான் சொன்ன வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

அது நிகழ்ந்தது 1930ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில். இடம், அக்காலத்தில் ஜேர்மனியின் கிழக்குக் கோடியிலிருந்த கொனிக்ஸ்பேர்க் நகரம். தத்துவஞானி கான்ட் பிறந்து, வாழ்ந்து, மறைந்த ஊர். அதன் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மாத்திரம் கடந்து நடக்க இயலாது என ஒயிலர் நிறுவியதைக் கணித மாணவர் அறிவர். இன்று அது கலினின்கிராட் என்னும் பெயருடன் ருஷ்யாவுக்கு உரியது.

கணிதம், பௌதிகம் முதலிய திட்பமான விஞ்ஞானங்களிலே நாம் பெறும் அறிவு எத்தகையது என்பதே மகாநாட்டின் பொருள். ஆதலால் கணிதரும் பௌதிகரும் தத்துவ ஆசிரியரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்தனர். ஹைசன்பேர்க் காரண காரிய விதியைப் பற்றிப் பேசினார். கணிதத்தின் அத்திவாரம் எது என்ற வழக்கிலே மூன்று கட்சிகளுக்காகக் கார்னப், ஹைட்டிங், வொன் நொய்மன் ஆகிய மூவரும் முதல் நாளே வாதாடினர்.

வியன்னாவிலிருந்து வந்திருந்த கூர்ட் கேடலுக்கு அப்பொழுது வயது 24. கலாநிதிப் பட்டம் பெற்று ஏழு மாதங்களே ஆகியிருந்தன. மெலிந்த தேகம், கண்ணாடி அணிந்த முகம், சபையிலே வாய் திறப்பது அபூர்வம். இரண்டாம் நாள் அவருக்கும் இருபது நிமிஷம் கிடைத்தது. தமது பட்ட ஆராய்ச்சியின் முடிபை எடுத்துரைத்து அமர்ந்தார். ஆனால் அவர் மனத்தில் இருந்த பெரிய பொருள் அதுவன்று. அதனை ஒகஸ்ட் 26ஆந் திகதி, வியன்னாவில் ஒரு கோப்பிக் கடையிலே கார்னப்புக்குச் சொல்லியிருந்தார். கார்னப்போ கொனிக்ஸ்பேர்க்கிலே தமது உரையில் அதைப்பற்றி மூச்சு விடவில்லை. கேட்டதன் கனம் அவருக்கே முழுதும் புலப்படவில்லைப் போலும்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பொதுக் கலந்துரையாடல். அது முடியுந் தறுவாயிலே கேடல் சில வாக்கியங்கள் பேசினார்.

அவற்றின் பொருளை விளங்க, கணித உலகின் தலைவராய் விளங்கிய டேவிட் ஹில்பேட்டின் நோக்கத்தை முதலில் அறிய வேண்டும். கணிதம் முழுவதையும் சில வெளிப்படையுண்மைகளிலிருந்து விதிப்படி பெறத்தக்க ஓர் அமைப்பாக்கி, அதிலே முரண்பாடு ஒருபோதும் தோன்றாது என்றும் நிறுவிவிட அவர் விரும்பினார். கேடல் சொன்னது இது: கணிதம் முரண்பாடற்றது என்றே கொள்வோம்; அப்படியாயினும், உண்மையாயிருந்தும் அந்த அமைப்பின் விதிகளால் நிறுவ முடியாத கூற்றுக்கள் உள்ளன. அவை எட்டாத உயரத்திலுள்ளனவுமல்ல. இரண்டிலும் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணும் இரண்டு முதன்மை எண்களின் கூட்டுத்தொகை என்று கோல்ட்பாக் கருதினாரே (8 = 3 + 5, 20 = 7 + 13), அந்த வகையைச் சேர்ந்த கூற்றுக்களிலேயே அத்தகையன உண்டு. கோல்ட்பாக்கின் கூற்றே அப்படிப்பட்டது என்று அவர் சொல்லவில்லை. அது இன்றும் தீராத கணக்கு.

சபை கலைந்தது. ஹில்பேட்டின் கட்சிக்காக வாதாடிய வொன் நொய்மன் ஒருவரே அந்த இளைஞரைத் தனியே அழைத்து விபரங் கேட்டார். மகாநாட்டைப் பற்றி ரைக்கன்பாக் பின்னர் வெளியிட்ட அறிக்கையிலே கேடலின் அந்தப் பேச்சைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மறுநாள் அதே நகரத்தில் வேறொரு கூட்டம். 68 வயதினராகிய ஹில்பேட் அங்கே உரையாற்றி, கணிதத்திலே அறியப்பட முடியாதது என ஒன்றில்லை என்று முழங்கினார். அவ்வுரையின் இறுதி வாசகம் அவருடைய கல்லறையிலே பொறிக்கப்பட்டிருக்கிறது.

நவம்பர் 20ஆந் திகதி வொன் நொய்மன் கேடலுக்கு ஒரு கடிதம் எழுதினார். கேடல் சொன்னதைத் தொடர்ந்து சிந்தித்ததில் இன்னொரு முடிபும் கிடைத்தது. முரண்பாடு இல்லை என்பதையும் அந்த அமைப்பு தனக்குள்ளே நிறுவ இயலாது என்றார். நல்ல வேளை! இரண்டு முடிபுகளும் அடங்கிய கேடலின் கட்டுரை வியன்னாச் சஞ்சிகைக்கு நவம்பர் 17ஆந் திகதியே போய்ச் சேர்ந்திருந்தது. மூன்றே நாள் இடைவெளி! செய்தி அறிந்த வொன் நொய்மன், தாம் அதனை வெளியிடப் போவதில்லை என்று பெருந்தன்மையோடு ஒதுங்கிக்கொண்டார். கட்டுரை 1931இல் அச்சேறியது.

என் மாணவர் ஆறிப்போன தேநீரைக் குடித்து முடித்தார். பின்பு, "புவியியல் படிப்பிக்கும் ஒருவர் வாசலிலே நின்று என் விலாசத்தைக் குறித்துக்கொண்டு போனார், சேர். தன்னிடம் முப்பது கிணறுகளின் நீர்மட்டக் குறிப்பு இருப்பதாகச் சொன்னார்" என்றார்.

"அவருக்கு எழுதினீரா?"

"இன்னும் இல்லை, சேர்."