167 பெரிதா, 158 பெரிதா?

எங்கள் வந்தவாசியில் கோரைப்பாய் வாங்க வருபவர், அதை விரித்துப் பாராமல் வாங்குவதில்லை. 'புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தால் மட்டும் அப்படியே நம்பிவிடுகிறோம். ஆய்வு முடிவுகளை விரித்துப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஆய்விதழின் ஆசிரியர், தமக்கு வந்த கட்டுரையை அதே துறையைச் சேர்ந்த, அவ்வாய்வில் பங்கு பெறாத இரண்டு மூன்று வல்லுநர்களிடம் கொடுக்கிறார். அவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றியே படித்துக் குறைகளை எழுதுகிறார்கள். அவற்றுக்குத் தக்க விடை கிடைத்த பின்னரே கட்டுரை அச்சேறும். ஆங்கிலத்தில் இதனைப் 'பியர் ரெவ்யூ' என்பர்.

அவர்கள் எதைப் பார்ப்பார்கள்? நம் திண்டுக்கல் மாவட்டத்து ஆய்வு ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

காடியிலுள்ள அசெடிக் அமிலத்தை நீர்த்த கரைசலாகக் கருப்பை வாயில் தடவினால், மாறுதலுற்ற திசு ஒரு நிமிடத்தில் வெண்மையாகத் தெரியும். ஆய்வுக்கூடம் தேவையில்லை, பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்துச் சொல்லலாம். இவ்வளவு எளிய சோதனை உயிரைக் காக்குமா? 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், 114 ஊர்த்தொகுதிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரு பிரிவாக்கினர். 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 49,311 பேர் சோதனைப் பிரிவு. 30,958 பேருக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே. 2006 முடியும் வரை கவனித்து, 2007இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டனர்.

சோதனைப் பிரிவில் புற்றுநோய் கண்டவர் 167 பேர். மற்றதில் 158 பேர். சோதனையால் நோய் கூடிற்றா? சற்றுப் பொறுங்கள். எத்தனை பேரில், எத்தனை காலத்தில் என்பதே வல்லுநரின் முதல் கேள்வி. ஒருவரை ஓராண்டு கவனித்தால் அது ஒரு நபர்-ஆண்டு. முதற்பிரிவில் 2,74,430 நபர்-ஆண்டுகள், மற்றதில் 1,78,781. வகுத்துப் பாருங்கள். லட்சம் நபர்-ஆண்டுக்கு 61, 88 என்று வரும். இறப்பு 83, 92. இதையும் வகுத்தால் 30, 51.

நம் கணக்குப்படி நோய் 31 சதவீதம் குறைகிறது. கட்டுரையோ 25 சதவீதம் என்றே கூறுகிறது. இறப்பில் 35 சதவீதம். வயது முதலிய வேறுபாடுகளால் வந்த பங்கைக் கழித்துவிட்டார்கள். இன்னொன்று: சோதனைக்கு வந்தவர் 31,343 பேரே. வராத ஏறத்தாழ 18,000 பேரும் சோதனைப் பிரிவிலேயே எண்ணப்பட்டனர். உடல்நலத்தில் அக்கறையுள்ளவர்களே வந்திருக்கலாம் அல்லவா? அவர்களை மட்டும் எண்ணினால் சோதனைக்கு இல்லாத பெருமை சேர்ந்துவிடும். மாணவர்கள் இவ்விடத்தை இருமுறை படிக்க வேண்டும்.

இம்முறையும் ஏமாறுவதுண்டு. வல்லுநர்கள் ஆய்வைத் திரும்பச் செய்து பார்ப்பதில்லை. கையிலுள்ள கட்டுரையைத்தான் படிக்கிறார்கள். 2005இல் இதே 'லான்செட்' வெளியிட்ட நார்வே நாட்டு வாய்ப்புற்றுநோய்க் கட்டுரையில் 908 பேரும் கற்பனை! அவர்களில் 250 பேருக்கு ஒரே பிறந்த நாள். 2006இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

திண்டுக்கல் கணக்கு பொய்யல்ல. அதைப்பற்றி எழுந்த கேள்வி வேறு. 2014இல் இந்திய மருத்துவ அறநெறி இதழில், சோதனை செய்யாமல் ஒரு பிரிவை விட்டுவைத்தது முறையா என்று கேட்டனர். அந்த 92 இறப்புகளும் அச்சில் இருந்ததால்தான் அப்படிக் கேட்க முடிந்தது.