கல்ச்சர் ரிப்போர்ட்டை விட்டுவிட்டு வராதீர்கள்

கலஹாவிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் கண்டிக்கு வைத்தியம் பார்க்க வருகிறவர்களின் பையில் எக்ஸ்ரே இருக்கும், கிளினிக் கொப்பி இருக்கும், டயக்னோசிஸ் கார்ட் நாலாக மடிந்து கிடக்கும். கல்ச்சர் ரிப்போர்ட் மட்டும் இருக்காது. கேட்டால், "காய்ச்சல் விட்டுருச்சு, டிக்கட் வெட்டிட்டாங்க, வந்துட்டோம்" என்பார்கள்.

கல்ச்சர் என்பது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை. எடுத்த இரத்தத்தில் கிருமி வளர்ந்து தெரிய ஓரிரு நாளாகும். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்றறிய இன்னுமொரு நாள். அதற்குள் கட்டில் காலியாகிவிடுகிறது. ஆய்வுகூடத்தார் கண்டுபிடித்தது யார் கண்ணிலும் படாமல் போகிறது.

பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களிலிருந்து மருந்துக்கு அடங்காத ஒரே கிருமி வந்தால் அதை முதலில் காண்பவர்கள் நுண்ணுயிரியல் நிபுணரும் எம்.எல்.ரி. எனப்படும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களும்தான். அவர்கள் சொல்லித்தான் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதி வார்டுக்கு ஓடுகிறார். 2005இல் கொழும்பில் சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட 5 தாய்மாருக்கு மூளைக்காய்ச்சல் வந்தபோது, அதற்குக் காரணம் அஸ்பர்ஜிலஸ் பூஞ்சை என்று காட்டியதும் ஆய்வுகூடம்தான். மூவர் இறந்துபோனார்கள்.

பாமசியில் சீட்டில்லாமல் இரண்டு அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்கிவிட்டு வராதீர்கள். சீட்டில்லாமல் விற்பது சட்டப்படி குற்றம், ஆனாலும் விற்கிறார்கள். விழுங்கிவிட்டு வந்தால் கல்ச்சரில் ஒன்றும் வளராமலே போகலாம். "நோ குரோத்" என்ற ரிப்போர்ட்டைப் பார்த்துச் சுகம் என்று நினைத்துவிடாதீர்கள்.

டிக்கட் வெட்டும்போதே வார்டில் கேளுங்கள்: "கல்ச்சர் எடுத்தீங்களா, ரிப்போர்ட் எப்ப வரும்?" பி.எச்.ரி. (கட்டில் தலைமாட்டுச் சீட்டு) இலக்கத்தைக் கார்டில் எழுதி வாங்குங்கள். அந்த இலக்கம் இல்லாமல் பதிவறையில் யாரும் எதையும் தேட மாட்டார்கள். சொன்ன நாளில் முதலில் வார்டுக்குப் போங்கள், அங்கே இல்லையென்றால் பதிவறைக்கு. அங்கும் "நாளைக்கு வாங்க" என்றால் பணிப்பாளருக்கு ஒரு கடிதம், கூடவே அடையாள அட்டைப் பிரதி.

அதற்கும் அசையாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வைத்தியசாலையின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தகப்பனுடைய ரிப்போர்ட் என்றால் அவரது எழுத்துமூலச் சம்மதத்தையும் இணையுங்கள். கடிதம் கிடைத்ததற்குச் சீட்டு வாங்காமல் படியிறங்காதீர்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. கிருமி அவ்வளவு நாள் காத்திருக்காது என்பது வேறு விஷயம். அதனால்தான் முதலில் வார்டு என்கிறேன்.

மறுபடி அட்மிட் ஆகும்போது, கேட்கும்வரை காத்திராமல் ரிப்போர்ட்டை நீட்டுங்கள். அதில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற அடங்காக் கிருமி இருந்தால் உங்கள் கட்டிலை மற்றவர்களிடமிருந்து விலக்கிப் போட வேண்டியிருக்கும். காகிதம் மடிப்பில் கிழிந்துபோகும். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.