பைக் சைலன்சரை மாற்றினால் ரூ.10,000 அபராதமா? வீட்டிலேயே எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 போன்ற க்ரூஸர் பைக் வாங்கியவர்கள் பலர், யூடியூப் பார்த்து வீட்டிலேயே ஸ்பேனரைத் தூக்கிவிடுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் எல்லா வேலையும் ஒன்றல்ல.

செயின் க்ளீனிங்: சாவியை எடுத்துடுங்க!

சுமார் 500 கி.மீ.க்கு ஒருமுறை செயினைச் சுத்தம் செய்யலாம். மழையில் ஓட்டினால் அதற்கு முன்பே. சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றி, க்ளீனர் அடித்து, துடைத்து, லூப் போட்டால் முடிந்தது. பெட்ரோல், கம்பி பிரஷ் இரண்டும் வேண்டாம். செயினுக்குள் கிரீஸைப் பிடித்து வைத்திருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

நேரத்தை மிச்சம் பிடிக்க, இன்ஜினை ஸ்டார்ட் செய்து கியர் போட்டு, ஓடுகிற செயினில் துணியைப் பிடிப்பவர்கள் உண்டு. துணி ஸ்ப்ராக்கெட்டில் சிக்கினால் விரலும் கூடவே போகும். கையை இழுக்க நேரமே இருக்காது. சாவியை பாக்கெட்டில் போட்டுவிட்டு உட்காருங்கள்.

ஆயில் அளவையும் நீங்களே பார்க்கலாம். வண்டி நேராக நிற்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் அளவு தப்பாகத்தான் காட்டும்.

ஹேண்டில்பார் மாற்றலாமா?

உயரமான ஹேண்டில்பார் போட்டால் கேபிள்களும் பிரேக் ஹோஸும் நீளம் பத்தாமல் போகலாம். இன்ஜினை ஐடிலில் விட்டு, இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். சத்தம் தானாக ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். யூ-டர்ன் அடிக்கும்போது வண்டி தானாகப் பாயும். அப்படியே ரோட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

சைலன்சர்: சட்டம் என்ன சொல்கிறது?

தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. சத்தம், புகை விதிகளை மீறினால் 190(2) பிரிவில் ரூ.10,000 வரை அபராதம், 3 மாதம் லைசென்ஸ் கட். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம் க்ளைமிலும் சிக்கலாகலாம்.

பிஎஸ்-6 வண்டியில் இன்னொரு தலைவலி. சைலன்சரை மாற்றினால் இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் கணக்கு குழம்பி, ‘பட் பட்’ என வெடிக்கும். இதைத்தான் சிலர் கெத்து என்று நினைக்கிறார்கள்!

சீட், முதுகுச் சாய்மானம், விண்ட்ஸ்கிரீன் போன்றவற்றை நிறுவனமே ஆக்சஸரியாக விற்கிறது. கலர் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் பதிய வேண்டும்.