துளையும் நொடியும்

காமிராவுக்குள் ஒளியை அளந்து விடுவன இரண்டு. ஒன்று, லென்ஸில் உள்ள துளை. மற்றொன்று, ஒளி எவ்வளவு நேரம் விழலாம் என்று வரையறுக்கும் ஷட்டர். மடை அகன்றால் பாத்தி விரைவில் நிரம்பும், குறுகினால் நேரமாகும். அவ்வளவே இதன் தத்துவம்.

துளையின் எண்கள் 2.8, 4, 5.6, 8, 11, 16 என ஏறும். எண் பெருகத் துளை சிறுக்கும்; படிக்குப் படி ஒளி பாதியாகும். எண்கள் இப்படி 1.4 மடங்காக ஏறுவானேன் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; 1.4-இன் வர்க்கம் ஏறக்குறைய 2. ஷட்டரின் எண்களோ 1/30, 1/60, 1/125 நொடி எனச் செல்லும். வேலூர்க் கோட்டை அகழிக்கரையில் நல்ல வெயிலில், 100 வேகமுள்ள பிலிமுக்கு எஃப் 16, 1/125 என வைத்தாலும், எஃப் 8, 1/500 என வைத்தாலும் வெளிச்சம் ஒன்றே. இன்றைய டிஜிட்டல் காமிராவிலும் கணக்கு இதுதான்.

வெளிச்சம் ஒன்றாயினும் படம் ஒன்றன்று. கோட்டையினுள் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில், எஃப் 4-க்கு 1/30 நொடி தேவைப்படும் நிழலில் நிற்கிறோம் என்று கொள்வோம். முன் தூணின் யாளி தெளிவாக விழும். பின்வரிசைத் தூண்கள் மங்கும். எல்லாம் தெளிய வேண்டுமானால் எஃப் 11 வேண்டும். நேரம் 1/4 நொடி ஆகும். கல் அசையாது. நம் கை அசையும். ஆதலால் காமிராவைத் தரையில் வைத்து எடுப்பது நலம்.

ஆம்பூர்த் தோல் பதனிடும் சாலையில் சிக்கல் வேறு. அங்கே சுழலும் மர டிரம்மின் விட்டம் 3 மீட்டர், வேகம் நிமிடத்துக்கு 10 சுற்று என்போம். அதன் விளிம்பு நொடிக்கு ஏறக்குறைய 157 சென்டிமீட்டர் நகரும். 1/125 நொடியில் நகர்வது ஒன்றேகால் சென்டிமீட்டர்தான். டிரம் நின்றாற்போல் படத்தில் விழும். அரை நொடியிலோ 78 சென்டிமீட்டர் நகர்ந்து, ஆணிகளெல்லாம் கோடுகளாகும். அருகில் அசையாது நிற்கும் தொழிலாளி தெளிவாக இருப்பார்.

நான் அரை நொடியையே தேர்வேன். பாலாற்றுப் பகுதியில் தோற்கழிவால் நீர் கெட்ட வழக்கில், சுத்திகரிப்பு ஏற்பாடில்லாத சாலைகளை மூடுமாறு 1996-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அத்தகைய ஊரில் நின்ற டிரம்மைக் காட்டும் படம் வெறும் படமன்று. ஆலை ஓடவில்லை என்னும் சாட்சியமாகவே பார்ப்பவர் அதைக் கொள்வர்.